நான்கு மணி நேர மிச்சம்

சாரல் என்று ஒரு கணினி மொழி இருந்தது. அது தன் பழைய தவறுகளையெல்லாம் திருத்திக்கொண்டு புதிதாக வந்தது. திருந்தி வந்த பிறகு, பழைய சாரலில் எழுதிய நிரல்களில் பாதி அதற்குப் புரியவில்லை.

பழையதைச் சாரல் இரண்டு என்றார்கள். புதியதைச் சாரல் மூன்று என்றார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் மூன்று பேர் கலம் என்ற இயங்குதளத்தைப் பராமரித்து வந்தார்கள். புதுக் கணினி வாங்க முடியாத இடங்களுக்கானது அது. கிராம நூலகங்கள், பால் சொசைட்டிகள், பாசனச் சங்கங்கள். அங்கெல்லாம் யாரோ எப்போதோ சாரலில் எழுதிவைத்த சின்னச் சின்ன நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியவர்கள் பலர் இப்போது ஊரில் இல்லை.

மூவரில் வயதில் மூத்தவர் ஆவுடையப்பன். ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனி அவரை வேண்டாம் என்று சொன்ன பிறகு இங்கே கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்தவர் ஜெபக்கனி. அவரைவிடப் பத்து வயது இளையவர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். ஆவுடையப்பனுக்கும் டீச்சர்தான். டீச்சர் அவரை அண்ணாச்சி என்று அழைப்பார். யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் இருந்ததில்லை.

மூன்றாமவன் மைதீன். எதையும் ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வது அவன் வேலை.

சாரல் இரண்டைச் செய்தவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இனி அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. கலத்துக்குள் சாரல் மூன்றைக் கொண்டுவந்தே ஆகவேண்டும்.

கொண்டுவருவது கடினமில்லை. பெயர்தான் தொல்லை. ஊர்களில் இருக்கும் நிரல்கள் இரண்டு, மூன்று என்று எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெறுமனே "சாரல்" என்று கூப்பிடும். கூப்பிட்டால் யார் வருவது?

"பழசையே வர வைங்க," என்றான் மைதீன். "அவன் பாட்டுக்கு ஓடட்டும்."

"பழசுல ஓட்டை விழுந்தா?" என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப புதுசை வர வைங்க."

"பாதி நிரல் நின்னு போகும். அப்புறம் போனை யார் எடுக்கது? நீயா?"

மைதீன் சிரித்தான். போனை எடுப்பவர் ஆவுடையப்பன்தான். முந்தைய பதிப்பில் அச்சுப்பொறி வேலை செய்யாமல் போனபோது ஆறு மாதம் அவர்தான் திட்டு வாங்கினார். ஒரு நூலகர் அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரையும் சேர்த்துத் திட்டினார். அதற்குப் பிறகு போன் அடித்தால் ஆவுடையப்பன் மூன்றாவது மணிக்குப் பிறகுதான் எடுப்பார்.

அதனால் அவர் ஒரு பாலம் கட்டினார். பழைய சாரலில் எழுதிய வரிகள் வந்தால், ஓடும்போதே அவற்றைப் புதிய சாரலுக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கும் ஒரு நிரல். "சாரல்" என்று கூப்பிட்டால் புதியது வரும். வந்தது புதியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் அதிலேயே கிடந்தார். கண்ணாடியின் பவரை ஏற்ற வேண்டியதாயிற்று.

கடைசியில் மைதீன் கையில் இருந்த நிரல்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணுகூட நிக்கல. நீங்க மனுசனே இல்ல."

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுகூட இல்ல, டீச்சர்."

டீச்சர் சில நிரல்களைத் தானே மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"எனக்கு என்னவோ சந்தோசமா இல்ல, அண்ணாச்சி."

"ஏன், டீச்சர்?"

"தெரியல."

"எங்கயாவது தப்பு இருக்கா?"

"இருந்தாச் சொல்ல மாட்டேனா? தெரியலைன்னுதானே சொல்லுதேன். தெரியாததைக் காரணமா வச்சு உங்க ஒரு வருச உழைப்பை நிறுத்த முடியுமா? அனுப்புங்க."

அனுப்பினார்கள். முதலில் சில ஊர்களுக்கு மட்டும். கூடவே ஆவுடையப்பன் ஒரு குறிப்பும் எழுதினார். பழைய மொழியில் இருந்த சில தவறுகள் இதில் திருத்தப்பட்டுள்ளன, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

போன் அடிக்கவில்லை. ஒரு வாரம் அடிக்கவில்லை. ஒரு மாதம் அடிக்கவில்லை. ஆவுடையப்பன் நன்றாகத் தூங்கினார். இவ்வளவு நாளும் தனக்கு வேண்டியிருந்தது நல்ல இயங்குதளமா, இந்தத் தூக்கமா என்று ஒருநாள் காலையில் யோசித்தார். பதில் வருவதற்குள் எழுந்து பல் தேய்க்கப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் அடித்தது.

"யாரு, கம்பியூட்டர் ஆபீசா?" பெண் குரல். பின்னால் காற்று இரைந்தது.

"ஆமாம்மா. சொல்லுங்க."

"என் தண்ணிய எங்க வச்சிருக்கிய?"

"எந்தத் தண்ணிம்மா?"

"மேலப்பேரி குளத்துத் தண்ணி. போன முறையும் காணல, அதுக்கு முந்தின முறையும் காணல. செகரட்டரியக் கேட்டா மெசின்ல அப்படித்தான் வருதுங்காரு. மெசினு யாருதுன்னு கேட்டா, திரையில கீழ உங்க நம்பரு போட்டிருக்குன்னு குடுத்தாரு. எனக்கு நெல்லு பால் பிடிக்கிற நேரம் சார். நாளைக்கு சாயந்திரம் மடை திறக்காங்க. இந்த முறையும் தண்ணி வரலைன்னா வைக்கோல்தான் அறுக்கணும்."

பெயர் சொர்ணத்தாய் என்றார். வாய்க்காலின் கடைசி வயல். கடைமடை.

ஆவுடையப்பன் மேலப்பேரிச் சங்கத்தின் நிரலை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தார். எப்போதோ அங்கே செயலாளராக இருந்தவர் எழுதியது. அவர் இப்போது திருப்பூரில் எங்கேயோ இருக்கிறார் என்றார்கள். குளத்து மடை திறந்தால் யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை போடும் நிரல். நல்ல நிரல். எங்கும் நிற்கவில்லை. எந்தப் பிழைச்செய்தியும் இல்லை.

மூன்று வரிகளில் அவர் கண் நின்றது. அவற்றைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து டீச்சரைக் கூப்பிட்டார்.

"மடை திறந்தா நூறு மணி நேரம் தண்ணி, டீச்சர். பன்னிரண்டு பங்கு. பழைய சாரல் வகுத்தா ஒரு பங்குக்கு எட்டுன்னு மட்டும்தான் சொல்லும். மீதிப் பின்னத்தை விட்டிரும்."

"அதைத்தானே அவங்க தப்புன்னு திருத்தினாங்க?"

"ஆமா. ஆளுக்கு எட்டுன்னா தொண்ணூத்தாறு. மிச்சம் நாலு மணி நேரம். அந்த மிச்சத்தைக் கடைமடைக்குச் சேர்த்துக் குடுன்னு அடுத்த வரி இருக்கு."

"சரி."

"இந்த நிரல் புதுசுக்கு நேராவே புரியுது, என் பாலம் எதையும் தொடல. புதுசு எட்டு மணி இருபது நிமிசம்னு சரியா வகுத்திருது. மிச்சமே இல்ல. கடைமடைக்குக் குடுங்கிற வரி அப்படியே இருக்கு. அதுவும் ஓடுது. குடுக்கதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

டீச்சர் உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு மணி நேரம் வந்துக்கிட்டு இருந்த இடத்துல எட்டு மணி இருபது நிமிசம்தானா?"

"அதுலயும் முதல் பாதியை வாய்க்கால் மண்ணு குடிச்சிரும்."

மைதீன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ஒரு குறிதான், அண்ணாச்சி. அந்த வகுத்தல் குறியை மாத்தினா முடிஞ்சுது. பின்னத்தை விட்டிரும். போன்லயே சொல்லிரலாம்."

"போன்ல வேண்டாம்," என்றார் டீச்சர். "பழைய சாரலை ஒரு பென் டிரைவ்ல போடு. நாங்க போயிட்டு வாறோம்."

மறுநாள் மத்தியானம் இருவரும் மேலப்பேரியில் இறங்கினார்கள். சங்கக் கட்டடம் ஒற்றை அறை. கணினிக்குமேல் ஒரு துண்டு விரித்திருந்தது. செயலாளர் கோமதிநாயகம் துண்டை எடுத்து உதறினார். அங்கே பிச்சையா என்று இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். மடைக்கு முதல் வயல் அவருடையது. தலைமடைக்காரர்.

ஆவுடையப்பன் விஷயத்தைச் சொன்னார். எளிமையாகத்தான் சொன்னார். ஒரு குறியை மாற்றினால் பழையபடி ஆகிவிடும் என்றார்.

கோமதிநாயகம் அச்சடித்த தாளை நீட்டினார்.

"ஆளுக்கு எட்டு மணி இருபது நிமிசம். பன்னிரண்டு பேருக்கும் ஒண்ணு போல. இதுல என்ன சார் தப்பு?"

"தப்புன்னு இல்ல. முன்னாடி இப்படி இல்லையே."

"முன்னாடி இருந்ததுலதான் தப்பு இருந்துச்சு, திருத்திட்டோம்னு நீங்கதானே சார் எழுதியிருந்தீங்க?"

ஆவுடையப்பன் அப்படித்தான் எழுதியிருந்தார்.

பிச்சையா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருசமா எங்க தண்ணியில ஆளுக்கு இருபது நிமிசம் அந்தம்மா வயலுக்குப் போயிருக்கு. எங்களுக்கே தெரியாது. மெசின்தான் கண்டுபிடிச்சிருக்கு. அந்த மெசினைப் போயி மாத்தணுங்கியளே."

"அது உங்க ஊர் வழக்கம்தானே? மிச்சம் கடைமடைக்குன்னு?"

"யாரு போட்ட வழக்கம்? எந்தக் கூட்டத்துல பேசினோம்? நோட்டீஸ் எங்க?"

கோமதிநாயகம் சங்கடத்துடன் சொன்னார். "எங்க அப்பா காலத்துல மிஞ்சின தண்ணியைக் கீழ திறந்து விட்டிருவாங்க, சார். யாரும் பேசிக்கிட்டது கிடையாது. அப்புறம் மெசின் வந்துச்சு. அதுவும் அப்படியே விட்டுக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப அந்தக் குறியை மாத்தட்டுமா?" என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க மாத்திட்டுப் போயிருவிய. மாத்தினது யாருன்னு நாளைக்கு இவரு என் சட்டையையில்லா பிடிப்பாரு?"

"பிடிப்பேன்," என்றார் பிச்சையா.

ஆவுடையப்பன் திரும்பி டீச்சரைப் பார்த்தார். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும் என்று நினைத்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய குரல் அது. கேட்பார்கள்.

டீச்சர் கணினியைக் காட்டி, "கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டார்.

"உக்காருங்க."

உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினார். சாரல் இரண்டை மறுபடியும் உள்ளே வைத்தார். சாரல் மூன்று இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு, இந்த நிரலுக்குத் தேவைப்படாத ஆவுடையப்பனின் பாலத்தை எடுத்துவிட்டார். ஒரு வருட வேலை. எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆவுடையப்பன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக டீச்சர் "சாரல்" என்ற வெறும் பெயரை எடுத்து, அதன் இடத்தில் இரண்டே வரிகள் எழுதி வைத்தார்.

"இப்ப இந்த வாரத்து முறையைப் போடுங்க," என்று எழுந்தார்.

கோமதிநாயகம் உட்கார்ந்து எப்போதும் அழுத்துவதை அழுத்தினார். தாள் வரவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்தது.

எந்தச் சாரல்? இரண்டா, மூன்றா?

"என்ன மேடம் இது?"

"இரண்டுன்னு அடிச்சா மிச்சம் நாலு மணி நேரம் கடைமடைக்கு. மூணுன்னு அடிச்சா எல்லாருக்கும் எட்டு மணி இருபது நிமிசம்."

"எதை அடிக்க?"

"அதை நாங்க சொல்ல முடியாதுல்லா."

"சாயந்திரம் மடை திறக்கணும், மேடம்! முறை போடாம எப்படித் திறக்க?"

பிச்சையா எழுந்துவிட்டார். "ரிப்பேர் பண்ண வந்தியளா, ஓடிக்கிட்டு இருக்கதை நிறுத்த வந்தியளா?"

"நிறுத்தத்தான் வந்தோம்," என்றார் டீச்சர்.

"இது எங்க சங்கத்து மெசின்."

"ஆமா. அதான் உங்களைக் கேக்குது."

கோமதிநாயகம் விசைப்பலகையின்மேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "எதை அடிச்சாலும் எவனாவது வந்து என் வீட்டு வாசல்ல நிப்பான்," என்று சொல்லிவிட்டு, செல்போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

பன்னிரண்டு பங்குக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அறைக்குள் இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். சொர்ணத்தாய் வயலிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. பங்குக்காரர்களில் ஒரே பெண் அவர்.

அவருக்கே அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

"எனக்குக் கூட வந்துச்சா?" என்றார். "எல்லாருக்கும் வாறதுதான் எனக்கும் வருதுன்னுல்லா நினைச்சேன்."

"நாலு மணி நேரம் சும்மா ஓடி வந்திருக்கு," என்றார் பிச்சையா.

"சும்மாவா? உன் வயலுக்குத் தண்ணி வரப்பு தாண்டினா வந்திரும். எனக்குப் பதினோரு வயலு தாண்டி வரணும். ஒருநாள் என் வரப்புல வந்து உக்காந்து பாரு, பிச்சையா. தண்ணி வாறதைப் பாத்தா நீ அழுதிருவ."

யாரோ சிரித்தார்கள்.

"அழுதா அந்தத் தண்ணியும் உனக்குத்தானே," என்றார் பிச்சையா. இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். சொர்ணத்தாய் சிரிக்கவில்லை.

"எனக்குச் சிரிப்பு வரல," என்றார். "நாலு மணி நேரம் குடுங்க. கதிரு வெளிய வந்திருச்சு. கேக்குதேன்ல, குடுங்க."

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சமம் என்றால் சமம்தான் என்று ஒருவர் சொன்னார். போன வருடம் பிச்சையா வயலில் தண்ணீர் கட்டி நின்று நாற்று அழுகியதை இன்னொருவர் எடுத்துவிட்டார். பிச்சையாவின் தாத்தா ஒருமுறை மடையை ராத்திரியில் திறந்துகொண்டது வரை பேச்சு போனது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். வாசல்வரை போய்விட்டு, முடிவு என்ன ஆகிறது என்று பார்க்கத் திரும்பி வந்து நின்றார்.

ஆவுடையப்பன் சுவரோரம் நின்றிருந்தார். இவ்வளவு சத்தமும் தன்னால் வந்தது என்று நினைத்தார். டீச்சரோ வாசல்படியில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய களிமண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஒருவழியாக முடிவானது.

"இந்த முறைக்கு மட்டும்," என்றார் பிச்சையா. "கதிரு வந்திருச்சேன்னு பாக்கேன். அடுத்த முறை திரும்பப் பேசணும்."

"பேசுவோம்," என்றார் கோமதிநாயகம். இரண்டு என்று அடித்தார். தாள் வந்தது. கடைசி வரியில் பன்னிரண்டு மணி நேரம் என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போனார்கள்.

சொர்ணத்தாய் வெளியே வந்து ஆவுடையப்பனுக்கு முன்னால் நின்றார்.

"நேத்து போன்ல பேசினது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"இனிமே மடை திறக்கும்போதெல்லாம் நான் வந்து இவங்ககிட்ட கேக்கணுமா, சார்?"

கேட்டுவிட்டு, சொர்ணத்தாய் வாய்க்கால் ஓரமாக நடந்து போனார்.

பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"டீச்சர், அடுத்த பதிப்புல சாரல்ங்கிற பேரை ரெண்டுல எதுக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லுதியளா? எல்லா ஊர்லயும் இதே மாதிரி நின்னு கேக்கட்டும்னு?"

"நீங்க என்ன நினைக்கிய?"

"எல்லா ஊர்லயும் நின்னா எல்லா ஊரும் நம்மளைத் திட்டும்."

"திட்டும்."

"போனை நான்தான் எடுக்கணும்."

"பாதி நான் எடுக்கேன்."

ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கும்வரை இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு அந்தம்மாவை நினைச்சாத்தான் மனசு ஆறல, டீச்சர்," என்றார் ஆவுடையப்பன். "கேக்காமலே வந்துக்கிட்டு இருந்த தண்ணி. இன்னைக்கு அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நிக்க வச்சுக் கேக்க வச்சிட்டோமே."

டீச்சர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரையும் கேக்காம வந்ததுனாலதான், அண்ணாச்சி, யாரையும் கேக்காமலே போச்சு."